திடப்படுத்தல் வகுப்பின் முதல் பாடம்: ஆயர்களுக்கும் உபதேசியார்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர்களே, உபதேசியார்களே, சேகரங்களில் திடப்படுத்தல் ஆயத்த வகுப்புகளை நடத்தும் ஆசிரியப் பெருமக்களே,

ஆண்டுதோறும் உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்படும் இளைஞர்களும் இளம்பெண்களும் அந்த வகுப்புகளிலிருந்து எதைப் பெற்றுச் செல்கிறார்கள் என்ற கவலையே இம்மடலை எழுத வைக்கிறது. அவர்கள் பத்துக் கட்டளைகளையும் அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் பிழையின்றி ஒப்புவிக்கிறார்கள். பேராயர் அவர்கள் தலைமேல் கை வைத்து ஜெபிக்கிறார். அவர்கள் முதன்முறையாகத் திருவிருந்தில் பங்கு பெறுகிறார்கள். அதன் பிறகு ஒரு பகுதியினர் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனைக்கும் மட்டும் வருகிறவர்களாக மாறிவிடுகிறார்கள். மற்றொரு பகுதியினர் பாடகர் குழு, வாலிபர் ஐக்கியம், விடுமுறை வேதாகமப் பள்ளி, அசனப் பண்டிகை என்று ஓயாமல் உழைத்து, சில ஆண்டுகளில் உள்ளுக்குள் வறண்டு, எதற்காக இவற்றையெல்லாம் செய்கிறோம் என்று யாரிடமும் கேட்கத் துணியாமல் தொடர்கிறார்கள். விலகிப்போனவர்களும் வறண்டுபோனவர்களும் வெவ்வேறு வகையினராகத் தோன்றினாலும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம் ஒன்றே. கிறிஸ்தவ வாழ்வு என்பது மனிதன் தேவனுக்குச் செலுத்த வேண்டிய கடமைகளின் தொகுப்பு என்று அவர்கள் இருவருமே விளங்கிக்கொண்டார்கள். ஒருவர் அந்தக் கடமைகளை விட்டுவிட்டார், மற்றவர் அவற்றைச் சுமந்துகொண்டிருக்கிறார். அந்தக் கடமைகள் எந்த உயிரிலிருந்து பிறக்க வேண்டுமோ அந்த உயிரைப் பற்றி இருவருக்கும் போதிய அளவு சொல்லப்படவில்லை.

அந்த உயிருக்கு வேதாகமமும் திருச்சபையின் மரபும் தரும் விளக்கம் ஐக்கியம் என்பது. ஐக்கியம் என்பது இங்கே கூட்டுறவையோ சங்கத்தையோ குறிக்கவில்லை. விசுவாசிக்கிறவன் பரிசுத்த ஆவியானவரால் கிறிஸ்துவோடு இணைக்கப்பட்டு, கிறிஸ்து தம் பிதாவோடு கொண்டிருக்கும் உறவுக்குள்ளேயே ஏற்றுக்கொள்ளப்பட்டு, அவருடைய ஜீவனைத் தன் ஜீவனாகப் பெற்று வாழும் நிலையையே அது குறிக்கிறது. இந்த இணைப்பில் மனிதன் தேவனாகிவிடுவதில்லை. தேவனும் தம் மேன்மையை இழப்பதில்லை. இருவருக்கும் இடையிலான வேறுபாடு நீங்காமலே தூரம் நீங்கிவிடுகிறது. மன்னிப்பு, ஜெபம், கீழ்ப்படிதல், பிறர்மீது கொள்ளும் அன்பு, துன்பத்தில் பொறுமை ஆகிய அனைத்தும் இந்த இணைப்பின் விளைவுகளேயன்றி இதை அடைவதற்குச் செலுத்தும் விலையல்ல.

யோவான் சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தை நீங்கள் பலமுறை பிரசங்கித்திருப்பீர்கள். காட்டிக்கொடுக்கப்படும் இரவில், சில மணி நேரத்தில் சிதறி ஓடப்போகிறவர்களிடம், இயேசு திராட்சச்செடியையும் கொடிகளையும் பற்றிப் பேசுகிறார். அந்தப் பேச்சில் கொடியிடம் முதலாவது கேட்கப்படுவது கனியன்று என்பதைக் கவனித்துப் பாருங்கள். செடியில் நிலைத்திருப்பதே கேட்கப்படுகிறது, கனி அதன் பின்னால் தானே வருகிறது. கட்டளைகள் அங்கே இல்லாமல் இல்லை. ஒருவரிலொருவர் அன்பாயிருக்கும்படி அவர் கட்டளையிடவே செய்கிறார். ஆனால் அந்தக் கட்டளை, தம்முடைய அன்பிலே நிலைத்திருங்கள் என்னும் அழைப்புக்குள் வைத்துச் சொல்லப்படுகிறது. அந்த அன்போ பிதா குமாரனில் கொண்டிருக்கும் அன்பின் தொடர்ச்சி என்று விளக்கப்படுகிறது. அந்த இரவிலேயே பேதுரு மறுதலித்தான், மற்றவர்கள் ஓடிப்போனார்கள். தங்கள் உறுதியின் பலத்தால் அவரைப் பின்பற்ற இயலாது என்று அறிய இருந்தவர்களுக்கே அந்தப் போதனை முன்கூட்டித் தரப்பட்டது. உங்கள் முன் அமரும் பிள்ளைகளும் அத்தகையவர்களே. திடப்படுத்தப்பட்ட ஓராண்டுக்குள் அவர்களில் பலர் தங்கள் வாக்குறுதியை மீறியதாக உணர்வார்கள். அப்போது அவர்கள் கையில் ஒப்புவித்த கட்டளைகள் மட்டும் இருந்தால், அவை அவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்யமாட்டா.

பவுலின் நிருபங்களும் இதே வரிசையைக் கொண்டவை. ரோமர் 6ஆம் அதிகாரத்தில், பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு அவர் ஒரு தடையாணையைப் பதிலாகத் தரவில்லை. ஞானஸ்நானத்தில் நீங்கள் கிறிஸ்துவின் மரணத்தோடும் உயிர்த்தெழுதலோடும் இணைக்கப்பட்டதை அறியாதிருக்கிறீர்களா என்ற பொருளில் திருப்பிக் கேட்கிறார். கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தில், கோபத்தையும் பொய்யையும் களைந்துபோடச் சொல்வதற்கு முன், விசுவாசிகளின் ஜீவன் கிறிஸ்துவோடு தேவனுக்குள் மறைந்திருக்கிறது என்று நிறுவுகிறார். எபேசியருக்கு எழுதியதில் முதல் மூன்று அதிகாரங்கள் கிறிஸ்துவுக்குள் அவர்கள் யார் என்று சொல்கின்றன. திருடாதே, பொய் சொல்லாதே என்பன நான்காம் அதிகாரத்தில்தான் வருகின்றன. ஒழுக்கத்தை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. ஒழுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதில் அவர் கொண்ட தெளிவே அந்த வரிசையில் புலப்படுகிறது.

இந்த வரிசை உங்கள் மரபுக்குப் புதிதன்று என்பதையும் இம்மடல் வலியுறுத்த விரும்புகிறது. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோது அதில் இணைந்த மரபுகளில் ஒன்றான ஆங்கிலிக்கன் சபையின் பொது ஜெபப் புத்தகத்தில், திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கென்றே ஒரு ஞானோபதேசம், அதாவது வினாவிடை வடிவிலான போதனை, அடங்கியுள்ளது. அது கட்டளைகளில் தொடங்கவில்லை, விசுவாசப்பிரமாணத்திலும் தொடங்கவில்லை. பிள்ளையின் பெயர் என்ன என்றும் அதை யார் இட்டார்கள் என்றும் கேட்டுத் தொடங்குகிறது. ஞானஸ்நானத்தில் தான் கிறிஸ்துவின் அவயவமாகவும் தேவனுடைய பிள்ளையாகவும் பரலோக ராஜ்யத்தின் சுதந்தரவாளியாகவும் ஆக்கப்பட்டதை அந்தப் பிள்ளை பதிலாகச் சொல்கிறது. அவயவம் என்பது உடலோடு உயிர்த்தொடர்பு கொண்ட உறுப்பு. அந்த ஒரு விடையில் ஐக்கியத்தின் முழுப் போதனையும் அடங்கியிருக்கிறது. கட்டளைகள் அதன் பிறகே வருகின்றன. ஆனால் வகுப்புகளில் நடப்பது என்ன? அந்த விடை மனப்பாடம் செய்யப்பட்டு ஒரே மூச்சில் கடந்து செல்லப்படுகிறது. நேரமெல்லாம் அதற்குப் பின் வருவனவற்றுக்கே போய்விடுகிறது.

ஆற்காடு மிஷன் வழியாக வந்த சபைகளுக்கு மற்றொரு சொத்து உண்டு. அந்த மிஷனை நடத்திய அமெரிக்கச் சீர்திருத்தச் சபை ஏற்றுக்கொண்டிருந்த ஹைடல்பர்க் ஞானோபதேசம் 1563இல் ஜெர்மனியில் எழுதப்பட்டது. 129 கேள்விகள் கொண்ட அந்நூல், வாழ்விலும் சாவிலும் விசுவாசிக்கு உள்ள ஒரே ஆறுதல் தான் தனக்குரியவனல்லன், கிறிஸ்துவுக்கு உரியவன் என்பதே என்று தொடங்கி, பத்துக் கட்டளைகளை நன்றியறிதல் என்னும் மூன்றாம் பகுதியில் வைக்கிறது. லுத்தரன் சபைகளின் ஆசிரியர்கள் இங்கே ஒரு மறுப்பைச் சொல்லக்கூடும். மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் (1529) பத்துக் கட்டளைகளில்தானே தொடங்குகிறது என்று அவர்கள் கேட்பது நியாயமே. மனிதன் தன் நோயை அறிந்த பின்னரே மருந்தைத் தேடுவான் என்பது லுத்தரின் கருத்து. ஆயினும் அதே லுத்தர் 1520இல் கிறிஸ்தவனின் விடுதலை பற்றி எழுதிய சிறுநூலில், விசுவாசம் ஆத்துமாவை மணமகளைப் போலக் கிறிஸ்துவோடு இணைப்பதால் அவளுடைய கடனெல்லாம் அவருடையதாகிறது, அவருடைய செல்வமெல்லாம் அவளுடையதாகிறது என்று விளக்கினார். கட்டளைகளை அவர் கற்பித்தது இந்த மணவுறவை அறிந்தவராகவே. இன்னும் பின்னோக்கிச் சென்றால், யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் கட்டளைகள் தொடங்குமுன், இஸ்ரவேலரை அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து வெளியே கொண்டுவந்த தேவன் தாமே என்ற அறிவிப்பு வருகிறது. அந்த முன்னுரையை விட்டுவிட்டுக் கட்டளைகளை மட்டும் அச்சிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுப்பது வேதாகமத்துக்கே நியாயம் செய்வதாகாது.

ஜான் கால்வின் இந்தப் பொருளில் உங்களுக்கு மிகுந்த உதவி செய்யக்கூடியவர். அவரது கிறிஸ்தவ சமயக் கோட்பாடுகள் என்னும் பெருநூலின் 1559ஆம் ஆண்டுப் பதிப்பில், மூன்றாம் புத்தகத்தின் தொடக்கத்திலேயே, கிறிஸ்து நமக்கு வெளியே நிற்கும்வரை அவர் மனுக்குலத்துக்காகப் பட்ட பாடுகளும் செய்த அனைத்தும் நமக்குப் பயனற்றவையாகவே இருக்கும் என்ற கருத்தை அவர் முன்வைக்கிறார். ஆவியானவர் நம்மை அவரோடு இணைக்கும்போதுதான் இரண்டு கிருபைகள் ஒருசேரக் கிடைக்கின்றன என்பது அவர் வாதம். ஒன்று நீதிமானாக்கப்படுதல், அதாவது கிறிஸ்துவினிமித்தம் தேவன் பாவியைக் குற்றமற்றவனாக ஏற்றுக்கொள்வது. மற்றொன்று பரிசுத்தமாக்கப்படுதல், அதாவது அந்தப் பாவி படிப்படியாகக் கிறிஸ்துவின் சாயலுக்கு மாற்றப்படுவது. கிறிஸ்துவைத் துண்டாக்க முடியாததுபோல இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. உங்கள் சபைகளில் காணப்படும் இரண்டு நோய்களும் இந்தப் பிரிவிலிருந்தே வருகின்றன. முதலாவதை மட்டும் பற்றிக்கொண்டவன், மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று சொல்லி லஞ்சமும் சாதிப் பெருமையும் தன் வீட்டில் தொடர்வதைப் பொருட்படுத்தாமல் இருக்கிறான். இரண்டாவதை மட்டும் பற்றிக்கொண்டவன், தான் போதுமான அளவு பரிசுத்தன் அல்லன் என்ற அச்சத்தில் வாழ்நாள் முழுதும் நடுங்குகிறான். ஒரே கிறிஸ்துவில் இணைக்கப்பட்டவன் இரண்டையும் ஒன்றாகப் பெற்றவன் என்று அவர்களுக்கு விளக்கியிருந்தால் இருவருக்கும் மருந்து கிடைத்திருக்கும்.

பிள்ளைகள் வகுப்பிலிருந்து எழுந்து சபையின் நடுவே வரும்போது கேட்பது என்ன என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த அட்டை கையில் தரப்படுகிறது. கன்வென்ஷன் பந்தலில் வேலை, விசா, வீடு, திருமணம் ஆகியவற்றுக்கான ஆசீர்வாதம் அறிவிக்கப்படுகிறது. தேவன் தம் பிள்ளைகளின் தேவைகளை அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. தேவைகளுக்காக ஜெபிப்பது தவறுமில்லை. ஆனால் தேவன் தருகிறவராக மட்டும் அறிவிக்கப்பட்டு, தம்மையே தருகிறவராக அறிவிக்கப்படாத இடத்தில், கேட்டது கிடைக்காத நாளில் விசுவாசத்துக்கு நிற்க இடமில்லை. திராட்சச்செடி கொடிக்குத் தருவது தன் சாரத்தை. அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் ஒன்றை எந்த அட்டையிலும் அச்சிட இயலாது.

ஐக்கியம் என்று சொன்னவுடனே உங்களில் சிலருக்கு ஒரு தயக்கம் எழுவதை இம்மடல் அறியும். ஆன்மாவும் இறைவனும் ஒன்றே என்னும் அத்வைதத்தின் வாசனை இதில் இருக்கிறதோ, பிள்ளைகள் குழம்பிவிடுவார்களோ என்பது அந்தத் தயக்கம். இதற்கு விடை தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து, 1950இல் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் பேராயரான அ. ஜே. அப்பாசாமி, தம் அறிவுழைப்பின் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்கே செலவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு நான்காம் சுவிசேஷத்தின் இறையனுபவத்தை இந்து பக்தி இலக்கியத்தோடு ஒப்பிட்டது. கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் நூலை 1927இலும், மோட்சம் என்றால் என்ன என்று ஆராயும் நூலை 1931இலும் அவர் வெளியிட்டார். சைவ, வைணவ அடியார்களின் பாடல்களோடு வளர்ந்த தமிழ் நெஞ்சுக்கு யோவானின் சுவிசேஷம் அந்நியமானதன்று என்று அவர் கண்டார். அதே வேளையில், மனிதன் தேவனில் கரைந்து மறைவதை யோவான் போதிக்கவில்லை என்பதில் உறுதியாக நின்று, சங்கரரைவிட இராமாநுஜரிடமே கிறிஸ்தவச் சிந்தனைக்கு உதவும் துணையைத் தேடினார். அன்பு செய்கிறவனும் அன்பு செய்யப்படுகிறவரும் இருவராக நிலைத்திருந்தாலன்றி அன்பு நிலைக்காது. ஆகவே ஐக்கியம் என்பது சித்தமும் அன்பும் ஒன்றுபடுவது என்று அவர் விளக்கினார். குமாரனும் பிதாவும் ஒன்றாயிருப்பதையும் அவர் இதே வழியில் விளக்க முற்பட்டபோது, அது நிசேயா விசுவாசப்பிரமாணம் அறிக்கையிடும் தன்மையின் ஒருமைக்குப் போதாது என்று எழுந்த மறுப்பு நியாயமானதே. விசுவாசிக்கும் தேவனுக்கும் உள்ள ஐக்கியத்தைப் பொறுத்தவரையில் அவர் காத்த எல்லைக்கோடு தெளிவானது, உங்கள் வகுப்புக்குப் போதுமானது.

கீழைத்தேயச் சபைகளும் இந்த எல்லைக்கோட்டை வேறு விதமாகக் காத்தன. விசுவாசிகள் தேவசுபாவத்தில் பங்குபெறுகிறார்கள் என்னும் பேதுருவின் இரண்டாம் நிருபத்தின் போதனையை அவை முழு மனதோடு ஏற்றன. ஆயினும் மனிதன் பங்குபெறுவது தேவனுடைய ஆற்றல்களிலேயன்றி எட்டவொண்ணாத அவருடைய சாராம்சத்தில் அன்று என்று 14ஆம் நூற்றாண்டில் கிரகோரி பலமாஸ் வகுத்துச் சொன்னார். ஆகவே இந்தப் போதனையை அஞ்சி ஒதுக்குவதற்குப் பதிலாக, திருச்சபை ஏற்கெனவே வகுத்த எல்லைகளோடு அதைக் கற்பிப்பதே பாதுகாப்பானது. நீங்கள் கற்பிக்காவிட்டால், அந்தப் பசியைத் தீர்க்க முன்வருகிற வேறு எவரிடமாவது பிள்ளைகள் போய்ச் சேர்வார்கள்.

உணர்ச்சியைத் தூண்டிவிடும் போதனை இது என்ற அச்சமும் தேவையற்றது. ஐக்கியம் உணர்வன்று; ஆவியானவரின் செயல். 1577ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்பெயினின் டொலேடோ நகரில், தம் சொந்தச் சபைத் துறவியராலேயே சிறுஅறையில் அடைக்கப்பட்டு ஏறத்தாழ ஒன்பது மாதம் வதைபட்ட சிலுவை யோவான், தேவனோடு ஆன்மா கொள்ளும் காதலைப் பற்றிய தம் ஆழ்ந்த கவிதைகளில் சிலவற்றை அந்த இருட்டிலேதான் இயற்றினார். ஆறுதல் உணரப்படாத காலமும் ஐக்கியத்தின் காலமே, அது தேவனை அவருடைய கொடைகளுக்காக அன்றி அவருக்காகவே நேசிக்கக் கற்கும் காலம் என்று அவர் பின்னர் எழுதிய விளக்கங்கள் கற்பிக்கின்றன. ஜெபம் வறண்டுவிட்டது, ஆகவே தேவன் தன்னைக் கைவிட்டார் என்று எண்ணும் பதினெட்டு வயதினருக்கு இதைவிட அவசியமான பாடம் வேறு எதுவும் இல்லை. ஆயினும் பெரும்பாலானோர் இதைக் கேட்டதே இல்லை.

தியானமும் ஐக்கியமும் மனிதரைச் செயலற்றவராக்கிவிடும், சபைக்கு வேண்டியது ஊழியம் என்று சொல்வோர்க்கு இரண்டு சாட்சிகள் போதும். அவிலாவின் தெரேசா 1577இல் எழுதிய உள்ளார்ந்த கோட்டை என்னும் நூலில், ஆன்மாவை ஏழு வாசஸ்தலங்கள் கொண்ட கோட்டையாக விவரித்து, ஏழாவதாகிய தேவனோடுள்ள திருமண ஐக்கியத்தை எட்டியபோது, அதன் நோக்கம் நற்செயல்கள் பிறப்பதே என்று சொல்லி, மார்த்தாளும் மரியாளும் சேர்ந்தே ஆண்டவரை உபசரிக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறார். அவரே நோயுற்ற உடலோடு ஸ்பெயின் முழுதும் பயணம் செய்து மடங்களை நிறுவிக்கொண்டிருந்தவர். மற்றவர் டீட்ரிக் போன்ஹோஃபர். ஹிட்லரின் ஆட்சிக்குப் பணிய மறுத்த சபைகளுக்காகப் போதகர்களை ஆயத்தப்படுத்தும் பொறுப்பு 1935இல் அவருக்குத் தரப்பட்டபோது, பின்கன்வால்டேயில் நடந்த அந்த இறையியல் பள்ளியில், ஒவ்வொரு நாளும் அரைமணி நேரம் சிறு வேதபகுதி ஒன்றின் முன் மௌனமாக இருப்பதை அவர் விதியாக்கினார். ஒரே பகுதி வாரம் முழுதும் தொடர்ந்தது. போராட்டக் காலத்தில் இந்த மடாலயப் பழக்கம் எதற்கு என்று வெளியில் இருந்தவர்கள் சந்தேகித்தார்கள். மாணவர் பலருக்கும் முதலில் அது சங்கடமாகவே இருந்தது. 1937இல் இரகசியக் காவல்துறை அந்தப் பள்ளியை மூடியது. போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அந்த அரைமணி நேரம் அவரை உலகத்திலிருந்து விலக்கி வைக்கவில்லை. பெரும்பான்மைத் திருச்சபை பணிந்துபோன இடத்தில் பணியாமல் நிற்கும் வேரை அது அவருக்குக் கொடுத்தது.

பிள்ளைகளுக்கு இவ்வளவு ஆழம் எட்டுமா என்று நீங்கள் தயங்கினால், சீலோவின் ஆலயத்தில் தேவனுடைய குரல் முதலில் எட்டியது முதியவரான ஏலிக்கன்று, சிறுவனான சாமுவேலுக்கே என்பதை நினைவுகூருங்கள். அங்கே ஏலி செய்தது ஒன்றே: அந்தக் குரல் யாருடையது என்று அவர் கண்டுகொண்டு, எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று சிறுவனுக்குக் கற்றுக்கொடுத்தார். உங்களிடமும் அதற்கு மேல் கேட்கப்படவில்லை.

ஆகவே இம்மடலின் வேண்டுகோள் இது. இனி நடத்தப்போகும் திடப்படுத்தல் ஆயத்த வகுப்பில், முதல் சில வாரங்களை யோவான் 15ஆம் அதிகாரத்துக்கும் ரோமர் 6ஆம் அதிகாரத்துக்கும், கிறிஸ்துவின் அவயவம் என்னும் அந்தப் பழைய முதல் விடைக்கும் முழுமையாக ஒதுக்குங்கள். கட்டளைகளுக்கு வரும்போது, அவற்றை ஏற்கெனவே விடுவிக்கப்பட்டவர்களின் வாழ்க்கை முறையாகக் கற்பியுங்கள். ஒவ்வொரு கட்டளையையும் மீறும்போது கிறிஸ்துவோடுள்ள உறவுக்கு என்ன நேர்கிறது, மீறியவன் அந்த உறவுக்குள் எவ்வாறு திரும்பி வரலாம் என்று விளக்குங்கள். திருவிருந்தைப் பற்றிய பாடத்தை, பங்குபெறத் தகுதியானவர் யார் என்ற விதிமுறையோடு நிறுத்திவிடாமல், அங்கே கிறிஸ்து தம்மோடு விசுவாசியை மேன்மேலும் இணைக்கிறார் என்ற நற்செய்தியாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஒரு சிறு வேதபகுதியை வாசித்து, அதன்பின் பத்து நிமிடம் எந்தப் பாட்டும் விளக்கமும் இன்றிப் பிள்ளைகள் அமைதியாக இருக்க இடம் கொடுங்கள். தொடக்கத்தில் அவர்கள் நெளிவார்கள், சிரிப்பார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சில வாரங்கள் பொறுத்திருங்கள். வகுப்பின் இறுதியில் ஒப்புவித்தலைக் கேட்பதோடு, ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியே அமர்ந்து, ஜெபிக்கும்போது என்ன நடக்கிறது என்று பரிவோடு கேளுங்கள். அந்த விடைக்கு மதிப்பெண் வேண்டாம்.

இவற்றையெல்லாம் செய்யுமுன், அந்தப் பத்து நிமிடத்தை முதலில் நீங்களே ஒவ்வொரு நாளும் கடைப்பிடியுங்கள். திருமண்டலக் கூட்டங்கள், கட்டட நிதி, சேகர வழக்குகள், பண்டிகை ஏற்பாடுகள் ஆகியவற்றின் நெருக்கடியில் நீங்களும் வறண்டிருக்கக்கூடும் என்பதை இம்மடல் குற்றச்சாட்டாக அன்றி உண்மையான அன்போடு சொல்கிறது. இந்தப் பாட வரிசை மாற்றத்தைத் தனியே தொடங்க இயலாதவர்கள், அடுத்த கிறிஸ்தவக் கல்விக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். தனியே தொடங்க இயன்றவர்கள் எந்த அனுமதிக்கும் காத்திராமல், வருகிற வகுப்பின் முதல் நாளிலேயே, கட்டளைகள் அச்சிட்ட தாளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் யோவான் 15ஆம் அதிகாரத்தைத் திறந்து அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள்.